மாஹிராவுக்கு வாங்கிய இரும்பு

1

இந்தக் கதை எனக்கு ரயிலில் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில், சன்னலோரம், துண்டு சுற்றிய ஏதோ ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தூங்குகிற குழந்தையை அணைப்பதுபோல் இரண்டு கையாலும் அணைத்திருந்தார். வண்டி குலுங்கியதில் துண்டு விலகியது. உள்ளே எண்ணெய் மினுங்கும் இரும்பு.

என்னவென்று கேட்டேன். பிக்கப் வண்டியின் முன்னச்சில் மாட்டுகிற டிஃபரன்ஷியல் லாக் என்றார். சரக்கு ஏற்றவா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"எங்க ஊட்டுக்காரிக்கு" என்றார்.

அவ்வளவுதான். கவரைப்பேட்டை வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். பேர்கூடக் கேட்கவில்லை. மனைவிக்குப் பூ வாங்கிப் போகிறவர்களை அந்த ரயிலில் தினமும் பார்க்கிறேன். இரும்பு வாங்கிப் போகிறவரை அன்றுதான் பார்த்தேன். இனி வருவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் தலைவைத்து நான் கண்ட கனவு. அவருக்கு அஸ்கர் அலி என்றும் அவர் மனைவிக்கு மாஹிரா என்றும் நான்தான் பெயர் வைத்தேன்.

2

தொடக்கம் அமையவில்லை. எழுதிப் பாதியில் விட்டவற்றை அழிக்காமல் வைக்கிறேன்.

பழவேற்காட்டு ஏரிக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு போட மறந்துவிட்ட ஒரு காலையில் —

(அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஆள் இல்லை.)

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியானாலும் சேற்றில் அது —

(இது வண்டி வாங்கப் போகிறவருக்கு எழுதியது மாதிரி இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் கதை நகராது. முன்னால் இருக்கிற இரண்டு சக்கரத்தில் ஒன்று சேற்றில் வழுக்கினால், இன்ஜினின் வலுவெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். அது வீணாய்ச் சுற்றும். தரையில் பிடிப்போடு நிற்கிற மற்றது சும்மா நிற்கும். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்தே சுற்றியாக வேண்டும். இதற்குமேல் இயந்திரம் இல்லை, பயப்படாமல் வாருங்கள்.)

3

அஸ்கர் அலி நண்டு வியாபாரி. ஏரிக்கரையில் படகுகள் ஒதுங்கும் இடத்துக்கே வண்டியை இறக்கி, அங்கேயே வாங்கி ஏற்றுவார். கூடவே மாஹிரா போவாள். நண்டின் அடிவயிற்றை விரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும், உள்ளே சதையா தண்ணீரா என்று சொல்லிவிடுவாள். அஸ்கருக்கு அந்த விரல் வாய்க்கவில்லை. அவர் ஓட்டுவார், அவள் பொறுக்குவாள். அப்படித்தான் அவர்கள் பிழைப்பு ஓடியது.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு பிற்பகல், முழுச் சுமையோடு வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. பின்னச்சில் கம்பெனியே லாக் வைத்திருந்தது, அது போதவில்லை. இடப்பக்க முன்சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்ற, வலப்பக்கச் சக்கரம் வேடிக்கை பார்த்தது. முகத்துவாரத்திலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் படகில்லை.

"மாஹிரா, நீ போயி பானெட்டு மேல எடது பக்கமா உக்காரு. கனம் வுழுந்தா புடிச்சிக்கும்" என்றார்.

அவள் ஏறி உட்கார்ந்து வைப்பரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி முழுக்க அவள் முதுகும், காற்றில் அடிக்கிற முக்காடும்தான் அவருக்குத் தெரிந்தன. அதற்கப்பால் ஏரி. வண்டி மெல்ல அசைந்தபோது, அவள் தண்ணீரின் மேலேயே மிதந்து போவதுபோல் இருந்தது. தூரத்துப் பூநாரைகள் ஒருசேரத் தலை தூக்கின. பிறகு வண்டி ஒரு குதி குதித்தது. முதுகைக் காணோம். வைப்பரைப் பிடித்த கை மட்டும் கண்ணாடியில் இருந்தது. அடுத்த நொடியே அவள் மறுபடி மேலே வந்தாள், வண்டியும் கரை ஏறிவிட்டது.

அஸ்கர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

(அவள் கோபப்பட்டாள் என்றுதான் முதலில் எழுதினேன். இல்லை. அப்போது சிரித்துத்தான் இருப்பாள். உயிர் தப்பினால் யாருக்கும் சிரிப்பு வரும்.)

மறுநாள் கரையோர மீன் ஏலத்திடலில் அஸ்கர் இதை ஒரு கதையாகச் சொன்னார். கம்பெனிக்காரன் கொடுக்காத வெயிட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது, தூக்கி முன்னால் வைத்தேன், வண்டி எழுந்துகொண்டது என்று. திடலே சிரித்தது. அதன்பின் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். சொல்லச் சொல்லக் கதையில் மாஹிரா கனமாகிக்கொண்டே போனாள். ஒரு நிக்காஹ் விருந்தில், பந்திக்கு வந்த அவளைப் பார்த்து, "வெயிட்டு வந்துட்டாங்க, எடம் வுடுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

அன்றைக்குப் பிறகு அவள் வண்டியில் ஏறவில்லை. சண்டை போடவில்லை; சமைத்தாள், பேசினாள். ஆனால் காலையில் வண்டி கிளம்பும்போது வெளியே வரமாட்டாள். சில வாரங்களில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்தது. அஸ்கர் தனியாகப் போய்த் தண்ணீர் நண்டாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

4

இப்போது அந்த இரும்பு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் மெக்கானிக் சாம்சனின் ஷெட். வண்டியைத் தூக்கி நிறுத்தி, பழுப்பேறிய பழைய எண்ணெயை வடித்து, அச்சுகளை உருவி, முன் டிஃபரன்ஷியலை இறக்கினார். உள்ளிருந்த பெரிய பல்சக்கரத்தைக் கழற்றிப் புதிய லாக்கில் முடுக்கினார். மறுபடி உள்ளே வைக்கும்போது பல்லோடு பல் எங்கே உரசுகிறது என்று பார்க்க, மஞ்சள் பசை தடவிச் சுற்றிப் பார்த்தார். பசை அழிந்த தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும்.

(சாம்சனை ஞானியாக்கும் ஆசை எனக்கு வந்தது. பல்சக்கரத்தைக் காட்டி இல்லறத்தைப் பற்றி நாலு வார்த்தை அவர் பேசுவதாக ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன். அவருக்கு அவர் வேலை. அவர் அஸ்கரிடம் கேட்டது, "புது ஆயில் யாரு பாய் வாங்கியாரது" என்பது மட்டும்தான்.)

முதல்முறை சரியாக உட்காரவில்லை. சாலையில் ஓட்டியபோது முன்பக்கத்தில் ஓர் ஊளைச் சத்தம். சாம்சன் தன்மேல்தான் தப்பு என்று சொல்லி மறுபடி பிரித்தார். ஷெட்டின் தகரத்துக்குக் கீழே மரப்பலகையில் படுத்திருந்த அஸ்கருக்கு அரைத்தூக்கம். உருக்காலைகளின் புகை வெயிலில் கரைந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து மாஹிரா வந்து வண்டியில் ஏறி, கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கண் விழித்தால், சாம்சன் சுத்தியலை டப்பாவில் போட்டிருந்தார்.

5

வேலை முடிந்ததும் அஸ்கர் நேரே மாஹிராவின் கம்பெனி வாசலுக்குப் போனார். ஷிஃப்ட் விட்டுப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். மாஹிரா அவரைப் பார்த்து வந்தாள். அவர் வண்டிக் கதவைத் திறந்து புதிய சுவிட்சைக் காட்டினார். இனிமேல் யாரும் இறங்க வேண்டியதில்லை, இதை அழுத்தினால் போதும் என்று விளக்கினார்.

அவள் சுவிட்சைத் தொடவில்லை.

"அப்ப இனிமே நான் வேணாம்" என்றாள்.

இங்கே கதை பல நாள் நின்றது. மன்னிப்பு என்று நினைத்து அவர் வாங்கி வந்தது, அவள் காதில் பிரிவுச் சீட்டாக விழுமென்று எழுதுகிற எனக்கே தெரியாது. நண்பர் ஒருவர் வழி சொன்னார்: மாஹிரா சாவியைப் பிடுங்கி, அஸ்கரை பானெட் மேல் உட்காரவைத்து, ஊர் பார்க்க ஓட்டட்டும். வாசகர் கைதட்டுவார். எழுதியும் பார்த்தேன். ஆனால் அந்தப் பக்கத்தில் மாஹிரா முகமே இல்லை. நண்பரின் முகம்தான் இருந்தது. அதையும் விட்டுவிட்டேன்.*

அஸ்கர் வண்டிக் கதவைச் சாத்தினார்.

"அன்னிக்கு நீ சறுக்குனப்போ உன் கை மட்டும்தான் தெரிஞ்சது. சக்கரத்துக்குள்ள நீ போயிட்டியோன்னு நெனச்சேன். பிரேக்க மிதிக்கக்கூட காலு வரல. அந்தப் பயத்த சொல்ல வெக்கமாயி, சிரிப்பா சொல்லிக்கினு திரிஞ்சேன்."

மாஹிரா அவரைப் பார்த்தாள்.

"இத இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்றீங்க? அத எங்க சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். பழவேற்காடு வரைக்கும் அந்த பஸ்ஸின் பின்னாலேயே, பக்கத்து இருக்கை காலியாக, அவர் ஓட்டிக்கொண்டு போனார்.

* நண்பர் இன்னும் கோபத்தில் இருக்கிறார்.

6

ஏலத்திடலில் சொன்னார். விலை கூவுகிற தேசப்பன் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்கு நான் பயந்துவிட்டேன், அவள்தான் வண்டியையும் என்னையும் கரையேற்றினாள், இத்தனை நாள் வேறு மாதிரிச் சொன்னேன் என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"அது தெரியும் பாய்" என்றார் தேசப்பன். "சிரிச்சிக்கினே சொன்ன. கையி ஆடிச்சே, அத பாத்துக்கினுதான இருந்தோம்." சொல்லிவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பட்டப்பெயர் ஊரிலிருந்தே மறைந்தது என்று எழுத ஆசைதான். ஒருவர் இருவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அஸ்கர் இருக்கும்போது சொல்லவில்லை. சொன்னதாகத் தெரியவந்த ஒருவரிடம் அவர் நண்டு வாங்குவதையும் நிறுத்திவிட்டார். இதெல்லாம் மாஹிராவின் காதுக்குப் போனது.

7

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வண்டியைக் கிளப்பும்போது அவள் வெளியே வந்தாள்.

"ஞாயித்துக்கெழம மட்டும் நண்டு பாக்க வரேன். மத்த நாளு கம்பெனிதான், அத வுட மாட்டேன்" என்றாள். பிறகு, "எனக்கு ஓட்ட கத்துக்குடுங்க."

கரையில் அவர் இறங்கி மறுபக்கம் போனார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பனி இறங்கியிருந்தது, ஈரமண் எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சேறு வந்ததும் லாக்கைப் போடச் சொன்னார். சுவிட்ச் போட்டாள். முன்னால் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன, வண்டி சேற்றை மெல்லத் தின்றுகொண்டு போனது. அவள் முகத்தில் ஒன்று மலர்ந்தது. அதற்கு நான் பெயர் வைக்கவில்லை.

கொஞ்சம் திருப்பிப் பார்த்தாள். ஸ்டியரிங் இறுகிக்கொண்டு வர மறுத்தது.

"லாக்கு போட்டுக்கினா திரும்ப மாட்டான், நேராத்தான் போவான்" என்றார் அஸ்கர். "திரும்பணும்னா லாக்க எடுத்துடு."

அவள் சரியென்று தலையாட்டினாள். ஆனால் லாக்கை இன்னும் எடுக்கவில்லை. எதிரே பனிக்குள் பறவைகள் ஒவ்வொன்றாக நடந்து வழிவிட்டன. ஏரி தொடங்குமுன் இன்னும் எவ்வளவு தூரம் வண்டி தாங்கும் தரை என்று அஸ்கருக்குத் தெரியும். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, முடிவு உங்களுடையது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எங்கே திரும்ப வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.