பீரோவுக்குள் சார்ஜ் ஏறிய ரேடியோ

வடகரை நம்பிராஜன் குடும்பத்துப் பெண்கள் நாலு பேர் கேட்கச் சத்தமாய்ப் பேசியதில்லை என்பது ஊரில் வழங்கும் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டால் நம்பிராஜனுக்கு முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும். அப்பேர்ப்பட்ட வீட்டு மருமகள் மஞ்சு, தென்னையில் வண்டு விழுவதைப் பற்றிப் பேசத் திருநெல்வேலி வானொலி நிலையத்துக்குப் போய்க் குரலைப் பதிந்துவிட்டு வந்திருந்தாள். பட்டாளத்தில் இருக்கும் மகன் மகாராஜா போனிலேயே சம்மதம் சொல்லிவிட்டான்.

"கண்டவன் எல்லாம் கேக்கதுக்கா நம்ம வீட்டுப் பொம்பள பேசணும்? நான் கேக்க மாட்டேன்," என்று கூடத்தில் நின்று அறிவித்தார் நம்பிராஜன். சொன்ன சொல்லில் நிற்பவர். அன்றிலிருந்து மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் ஒலிபரப்பாகும் நாள் நெருங்க நெருங்க மனசு குடைந்தது. அவள் ஏதாவது பிசகாகப் பேசி, தோப்பு வேலைக்காரன் சிரித்தால்? குடும்பத்தின் பெயர் காற்றில் ஏறுகிறது. குடும்பத் தலைவன் காதைப் பொத்திக்கொண்டு இருக்கலாமா? கேட்டாக வேண்டும். ஆனால் கேட்டது ஒருவருக்கும் தெரியக் கூடாது.

மகன் லீவில் வந்தபோது கொண்டுவந்த ரேடியோ ஒன்று இருந்தது. ஒயரைச் சொருகினால் உள்ளே இருக்கும் செல்களில் சார்ஜ் ஏறும். வெளியே வைத்தால் மனைவி வள்ளித்தாய் கண்ணில் படுமே! முந்தின நாள் மாலையே அதைத் தன் அறைப் பீரோவுக்குள் வைத்து ஒயரைச் சொருகினார். சிவப்பு விளக்கு தெரியாமல் இருக்க வேட்டிகளை அடுக்கி, மேலே கம்பளியையும் போட்டு மூடினார். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் சாரல் பிடித்துக்கொண்டது. குற்றால மலை மேகத்துக்குள் போய்விட்டது. வள்ளித்தாய் மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, என்னமோ பொசுங்குத வாடை வருதே."

"அடுப்பப் போய்ப் பாரு."

"அடுப்பே பத்தவைக்கல. ஒங்க ரூமுல இருந்துல்லா வருது!"

அவர் அறை வாசலை மறித்து நின்றார். அதற்குள் மஞ்சு வந்துவிட்டாள். பீரோவுக்குள் போகும் ஒயரைப் பார்த்தாள்.

"தள்ளுங்க மாமா."

முதலில் சுவிட்சை அணைத்தாள். ஒயரைப் பிடுங்கினாள். பிறகு பீரோவைத் திறந்து கம்பளியை விலக்கினாள். அடுப்பு வாயைத் திறந்ததுபோல் வெக்கை முகத்தில் அடித்தது. அடிவேட்டி பழுப்பேறிக் கிடந்தது. கனத்த துணியால் ரேடியோவைப் பிடித்துத் தூக்கிப் பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் வைத்தாள். அவர் கையை நீட்டினார்.

"தொடாதீய. ஆறட்டும். சார்ஜ் ஏறும்போது லேசா சுடத்தான் செய்யும். அந்தச் சூடு வெளிய போகணும்லா? மூடி வச்சா எங்க போகும்? நெறஞ்ச பெறகும் ராவும் பகலுமா விட்டுட்டியளே."

"கேக்க மாட்டேன்னவுகளுக்கு ரேடியோ எதுக்கு?" என்றாள் வள்ளித்தாய். "பீரோவுல பாச்சை பாட்டுக் கேக்கவா?"

ரேடியோ நன்றாக ஆறியபின் மஞ்சு மூடியைக் கழற்றினாள். நாலு செல்லில் ஒன்று கசிந்து வெள்ளை பூத்திருந்தது. கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நாலையும் எடுத்தாள். நம்பிராஜன் எட்டிப் பார்த்தார். விரல் தடிமன் சாமான். இதற்குள்ளா இத்தனை நெருப்பு? வீடே போயிருக்குமே!

உள்ளே சுத்தமாகத் துடைத்துவிட்டு, கடிகாரத்துக்கு வாங்கி வைத்திருந்த புதுச் செல் நாலைப் போட்டாள்.

"இது சார்ஜ் ஏறாத சாதா செல்லு மாமா. இது உள்ள கெடக்கையில ஒயரைச் சொருகவே கூடாது."

ரேடியோவைக் கூடத்தில், அவர் நாற்காலிக்கு முன்னால் வைத்துக் குமிழைத் திருப்பி நிலையத்தைப் பிடித்தாள். 'கேளுங்கள்' என்று சொல்லவில்லை. அடுக்களை வாசல் நிலையில் போய் நின்றுகொண்டாள். அவரும் எழுந்து போகவில்லை.

இரைச்சலுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "வணக்கம். வடகரையில் இருந்து மஞ்சு பேசுகிறேன்."

நம்பிராஜன் நிலைப்பக்கம் திரும்பினார். மருமகள் வாய் மூடி நின்றாள். அவள் குரல் மட்டும் நடுக்கூடத்தில் நிமிர்ந்து நின்று பேசியது. வேப்பம் புண்ணாக்கை மணலோடு கலந்து மேல் மட்டை இடுக்குகளில் வைக்கச் சொன்னது. ஒரு சொல் தடுக்கவில்லை. ஒரு சொல் குழையவில்லை. இதே நேரம் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில், கடையத்துத் தோப்புகளில், முகம் தெரியாத எத்தனையோ வீடுகளில் இந்தக் குரல் நிற்கிறது. மழை மறிக்கவில்லை, மலையும் மறிக்கவில்லை. ஒரு மனுஷி ஒரே சமயத்தில் இத்தனை இடத்தில் நிற்க முடியுமா!

எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. நடை திறக்கும்போது சந்நிதியில் நிற்பவர்போல நின்றுகொண்டிருந்தார்.

"உக்காந்து கேளுங்க," என்றாள் வள்ளித்தாய். "அவ இங்கனதான நிக்கா."

"ஏட்டி, சும்மா இரு," என்றார் நம்பிராஜன். "நம்ம வீட்டுப் பிள்ள பேசுதா."