நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

வாய்மொழித் தேர்வு நடந்த அறையில் நாற்பது நாற்காலிகள், ஆட்கள் என்னவோ பன்னிரண்டு பேர்தான். அதில் ஒருவர் கடைசி வரிசையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய பம்பு கம்பெனியின் வடிவமைப்பாளர். முனைவர் பட்டத்துக்காக அன்று பதில் சொல்ல வேண்டிய மாணவி அவரைப் பார்த்துவிட்டாள். எழுந்து போங்கள் என்று சொல்லவும் வழியில்லை. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியை மக்கள் முன்னால்தான் விளக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது அரசாங்க விதி.

அதே அரசாங்கத்தின் இன்னொரு திட்டம், "பல்கலைக்கழகமும் பட்டறையும் கைகோக்கட்டும், ஊரில் புதுத்தொழில் பிறக்கட்டும்" என்றது. அதை நம்பி இறங்கியவர்கள்தான் இவளும் இவள் அண்ணனும். அண்ணன் லேத்துப் பட்டறைக்காரர். பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் வளையத்தில் அவர் போட்ட ஒரு வெட்டு, கசிவைப் பத்தில் ஒரு பங்காக்கியது. அது எப்படி என்று ஐந்து வருடம் அளந்து எழுதியவள் தங்கை. திட்டத்தின் நிபந்தனை ஒன்றுதான்: காப்புரிமைக்கு விண்ணப்பம் போகும்வரை வெட்டின் வடிவத்தைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. தெரிந்துவிட்டால் உரிமை போச்சு. பெரிய கம்பெனி ஒரே வாரத்தில் வளையங்களைக் கொட்டிக் குவிக்கும், அண்ணன் பட்டறையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

விண்ணப்பமோ பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக நான்கு மாதமாகத் தவம் கிடந்தது. தேர்வைத் தள்ளிப்போடவும் முடியாது, அவளுக்குக் கொடுத்த காலம் அன்றோடு முடிகிறது. ஓர் அலுவலகம் வாயைத் திற என்கிறது, இன்னொன்று வாயைப் பொத்து என்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம் காலியா இருக்கேம்மா. படம் எங்க?"

"காப்புரிமை அனுமதிக்காக நிறுத்தி வச்சிருக்கோம் சார்."

"அப்படி எனக்கு ஒரு கடுதாசியும் வரலியே." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கசிவு குறைஞ்சதுன்னு நூறு பக்கம் எழுதியிருக்கீங்க. எதனால குறைஞ்சதுன்னு கேட்டா பக்கம் காலி. நாளைக்கு இன்னொருத்தர் மந்திரம் போட்டேன் குறைஞ்சதுன்னு எழுதிட்டு வந்தா, அவருக்கும் பட்டம் குடுக்கணுமா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். காலையில் "எல்லாம் பாத்துக்கலாம்" என்று தைரியம் சொன்ன அவளுடைய நெறியாளர் இப்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் மேல் அவளால் கோபப்படவும் முடியவில்லை. அந்த நாற்காலியில் இவள் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பாள்.

"படத்தைப் போட்டுக் காட்டுங்க. இல்லன்னா தெரியலன்னு எழுதிட்டுப் போறேன்."

அவர் பேனா மூடியைத் திறந்தார். கடைசி வரிசையிலும் ஒரு பேனா தயாரானது. ஐந்து வருடப் படிப்பா, அண்ணன் பட்டறையா? தெரியல சார் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"நான் போடுறேன் சார்."

இரண்டாவது வரிசையிலிருந்து அண்ணன் எழுந்து வந்தார். "வெட்டினது நான். அளந்து பாத்தது பாப்பா."

"வேணாம்ணா," என்று அவள் முணுமுணுத்தாள். அவர் சாக்குக்கட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கரும்பலகையில் வட்டம் போட்டார். அதில் நேராக இரண்டு வெட்டுகள், பக்கத்தில் பக்கத்தில், ஒரே ஆழம். மில்லிமீட்டர் கணக்கையும் எழுதினார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மையான வெட்டு ஒன்றே ஒன்று. சாய்வாக ஓடி, ஒரு முனையில் ஆழமாகி, மறுமுனையில் தேய்ந்துபோகும். பலகையில் இருந்தது முதல் மாதமே குப்பையில் போட்ட வளையம். பச்சைப் பொய்யை அளவு பிசகாமல் வரைந்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல நின்றார் மனுஷன். கடைசி வரிசைக்காரர் விழுந்து விழுந்து எழுதினார். உண்மை தெரிந்த நெறியாளர் மின்விசிறியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தேர்வாளர் வெகுநேரம் பலகையைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இதுதானா?"

அண்ணன் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது அவளுக்கு. அவர் பாட்டுக்குப் படத்தைப் போட்டுவிட்டார், சத்தியம் செய்ய வேண்டியவள் இவள். ஓர் அளவை மாற்றி எழுதிய ஜூனியர் மாணவனைப் போன மாதம்தான் ஆய்வகத்தை விட்டே அனுப்பியிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவர் விரல்களுக்குள் சாக்குக்கட்டி பொடிந்துகொண்டிருந்தது.

"ஆமா சார். இதுதான்."

"ரெண்டு வெட்டு எதுக்கு?"

"முதல் வெட்டு அழுத்தத்தை உடைக்குது. மிச்சத்தை ரெண்டாவது தாங்கிக்குது." தடங்கலே இல்லாமல் வந்தது. சொல்லச் சொல்ல அவளுக்கே உண்மை போலப் பட்டது.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், கடைசி வரிசைக்காரரும்தான். "பொழைச்சோம் பாப்பா," என்று அண்ணன் காதோரம் சொன்னார்.

தேர்வாளர் பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தார். இப்போது அவர் முகத்தில் கடுமை இல்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா, கேக்கறது என் வேலை. முப்பது வருஷமா பாடம் நடத்தறேன், இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல. திங்கக்கிழமை என் பிள்ளைங்களுக்கு இதைத்தான் நடத்தப்போறேன். உங்க பேரைச் சொல்லித்தான் நடத்துவேன்."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவர் சிரித்தபடி கிளம்பிப் போனார்.