விலகி உட்கார்ந்த நாட்கள்

என் பெண் ஹம்சினிக்கு முப்பத்தொன்று. கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. சிகிச்சைக்கு முன் சினைப்பைகளை ஸ்கேன் செய்ய வேண்டும், மாதவிலக்கின் இரண்டாம் நாள் வாருங்கள் என்று அடையாறில் டாக்டர் ஜுவேரியா சொல்லியிருந்தார். மயிலாப்பூரிலிருந்து நான் கூடப் போனேன். நங்கநல்லூரிலிருந்து சம்பந்தி அம்மாள் கூப்பிடாமலே வந்திருந்தாள்.

ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் எங்களிடம் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் சில கறுப்பு வட்டங்கள்.

"இதுலதான் முட்டை வளரும். வலது பக்கம் நாலு, இடது பக்கம் ரெண்டு. வயசுக்குக் கம்மி."

"எங்காத்துல யாருக்கும் இப்படி எண்ணிப் பாக்கற நெலமை வந்ததில்லை," என்றாள் சம்பந்தி.

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. "ஹம்சினி, உங்கம்மாவுக்கு பீரியட்ஸ் எப்போ நின்னுது? சீக்கிரம் நின்னிருந்தா உங்களுக்கும் அப்படி ஆகலாம். அப்புறம் காத்திருக்க முடியாது."

"அம்பது வரைக்கும் இருந்துது டாக்டர். மாசாமாசம் மூணு நாள் விலகி உக்காந்துண்டிருப்பா. நான் காலேஜ் போறச்சகூட பாத்திருக்கேன்."

"அப்போ பயமில்ல. ஆறு மாசம் மாத்திரை போட்டுப் பாக்கலாம்."

எனக்கு நின்றது முப்பத்தாறில். ஹம்சினிக்கு அப்போது ஐந்து வயது. பேரனுக்காகக் காத்திருந்த என் மாமியாருக்குத் தெரிந்தால் என் பிறந்த வீட்டுக்கு இழுக்கு. பதினான்கு வருடம், ஒரு மாதம் தவறாமல், மூன்று நாள் தனிப்பாயில் உட்கார்ந்தேன். என் கணவருக்கும் தெரியாது. பெண்ணின் கல்யாணப் பேச்சிலும் சொல்லவில்லை. ஊருக்குச் சொல்லும் விஷயமல்ல அது.

டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதி முடித்து நீட்டினார்.

"முப்பத்தாறு," என்றேன்.

"என்ன மாமி?"

"எனக்கு நின்னது முப்பத்தாறுல. எழுதிக்கோங்கோ."

சம்பந்தி திரும்பினாள். "கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே மாமி."

"நீங்க கேக்கலையே."

"கேக்கற விஷயமா இது?"

டாக்டர் சீட்டைக் கிழித்தார். "இன்னிக்கே ஊசி ஆரம்பிக்கலாம். ஆனா எத்தனை முட்டை கிடைக்கும்னு இப்போ சொல்ல முடியாது."

ஹம்சினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்ன வயசுல அந்த மூணு நாளும் உன் மடிக்கு அழுவேன். 'தொடாதே, போ'ம்பே. ஒண்ணுமே இல்லாமதானாம்மா?"

"ஊசிக்கு நேரமாறது. எழுந்திரு," என்றேன்.

கூட ஒருவர்தான் வரலாம் என்றாள் நர்ஸ். ஹம்சினி தன் மாமியாரைக் கூப்பிட்டாள்.