சகோதரர் சிரில் விழுங்கிய பேச்சு

சகோதரர் சிரில் சாப்பாட்டு நேரத்தில் விழுங்கிய வார்த்தைகள், தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த பெரியசாமியின் வாயிலிருந்து வெளியே வரத் தொடங்கியது 1962ஆம் வருடத்துத் தவக்காலத்தில். அந்த வருடம் தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு இருந்தது. மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி வேறொன்றும் நடக்கவில்லை.

எளியோர் சகோதரர் சபையின் மடம் ரயில் பாதை முடியும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. நான்கு சகோதரர்கள், பதினோரு கட்டில்கள். சுரங்கத்தில் நெஞ்சு கெட்டவர்களும் இடுப்பு ஒடிந்தவர்களும் அங்கே கிடந்தார்கள்; எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று யாரையும் கேட்பதில்லை. விடியும் முன்னே செபம், அதன்பின் நோயாளிகளைத் துடைத்துவிட்டுக் கஞ்சி கொடுப்பது. பிறகு சிரில் சாக்கை எடுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குக் காய்கறிப் பிச்சைக்குப் போவார். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனுஷர் அவர். கடைக்காரர்கள் புண்ணியத்துக்காகக் கொஞ்சமும், அவர் பேச்சிலிருந்து தப்பித்தால் போதும் என்று மீதியும் போட்டார்கள். ஆனால் மடத்தில் மதியச் சாப்பாட்டின்போது யாரும் பேசக்கூடாது. ஒருவர் புனிதர் வரலாறு வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். மீறினால் முழங்காலில் நின்று சாப்பிட வேண்டும். சிரிலின் அங்கி முழங்கால் பக்கம் மட்டும் நைந்து போயிருந்தது.

அன்றைக்கு வாசித்தது ஒரு வனவாசிப் புனிதரின் கதை. சிரில் எப்பாடுபட்டோ வாயை மூடிக்கொண்டிருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது: "நாப்பது நாளு சாப்டலயாமே. அங்கயும் நம்ப ஆபிரகாமண்ணன் சமையல்தான் போலருக்கு." சமையல் பொறுப்பிலிருந்த சகோதரர் ஆபிரகாமுக்கு முகம் சிறுத்துவிட்டது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். பேசியது பெரியசாமி. இரண்டு வருடத்துக்கு முன் சுரங்கத்தின் ஆழத்தில் ஒரு லெவலில் பாறை வெடித்ததில் காலும் பேச்சும் போய்ப் படுத்தவர், அதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. சிரில் மட்டும் மேசையைவிட்டு எழவில்லை. அது தான் சொல்ல நினைத்தது என்று அவருக்குத் தெரியும்.

மடத்துத் தலைவர் கிளாரன்ஸ் எதையும் முறைப்படி செய்கிறவர். சிரிலைப் பேச விட்டுப் பார்த்தார். பெரியசாமி ஊமையாகக் கிடந்தார். சிரிலை வாயடைக்கச் சொன்னார். பெரியசாமி கிளாரன்ஸின் குறட்டையைப் பற்றிப் பேசினார். மௌன விதி சகோதரர்களுக்குத்தானே தவிர நோயாளிகளுக்கு இல்லை, ஆகையால் இதில் விதிமீறல் எதுவும் இல்லை என்று தீர்ப்பாயிற்று. சிரில் முழங்காலில் நிற்பதும் அத்தோடு நின்றது.

பெரியசாமியின் மனைவி பழனியம்மா ஸ்கெலட்டன் லைன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தாள். புத்தரை ஏற்றுக்கொண்ட குடும்பம். ஞாயிறுதோறும் வந்து புருஷன் கட்டிலருகே உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: இன்னும் கோபமா? ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று சிரில் ஒருநாள் விசாரித்தார். பாறை வெடித்த நாள் காலையில் வீட்டில் சண்டை. என்ன சண்டை என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பியவரின் முதுகைப் பார்த்து வாசலில் நின்று, அந்தக் குழியிலேயே கிட, திரும்பி வராதே என்று கத்தியதுதான் மறக்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுது தீர்ந்த முகம் அது.

புருஷன் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு அவள் ஓடிவந்த ஞாயிறன்று, சிரில் நல்ல எண்ணத்தோடு சிற்றாலயத்தில் போய் உட்கார்ந்து, அவளுக்கு வேண்டிய பதிலை மனதில் வைத்து விழுங்கினார். "கோபம் எதுவும் இல்லைங்க அம்மா. எல்லாத்தையும் மன்னிச்சாச்சு. ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக," என்றார் பெரியசாமி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷர் அவளை 'நீங்க' என்று சொன்னதில்லை. பழனியம்மா நேரே சிற்றாலயத்துக்கு வந்து நின்றாள்.

"கொரலு அவுருது, பேச்சு உங்குளுது. பரவால்ல பிரதர். கொரலயாவது கேட்டுனு போறேன்."

சிரிலுக்கு வெட்கமாகிவிட்டது. அதிலிருந்து ஞாயிறு முழுக்க அவர் பேசுவதில்லை. பிறகு அவள் புதன்கிழமையும் வர ஆரம்பித்தாள், புதனையும் விட்டுக்கொடுத்தார். மூன்று நான்கு வருடத்தில், செபத்தைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காதவராக ஆகிவிட்டார். அவர் மார்க்கெட்டில் விழுங்கிய பேச்செல்லாம் மாரிகுப்பத்தில் கட்டிலில் கேட்டது. பழனியம்மா முந்தானையை விரித்துத் தரையில் படுத்துக்கொண்டு, கத்திரிக்காய் விலையையும் கிளாரன்ஸின் மூக்குப்பொடியையும் பற்றிப் புருஷன் குரல் பேசுவதைக் கேட்டபடி தூங்கிப்போவாள். கடைக்காரர்கள், பாவம் நல்லா பேசிக்கொண்டிருந்த மனுஷன் என்று சாக்கில் இரண்டு பங்கு போட்டார்கள். பெரியசாமியின் சொந்தப் பேச்சு எங்கே போயிற்று என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. வீடு காலியாகக் கிடந்தால் யாராவது குடிவரத்தானே செய்வார்கள்.

1969 கிறிஸ்துமஸ் அன்று தடுப்பை எடுத்துவிட்டு, நோயாளிகளோடும் வீட்டாரோடும் சேர்ந்து சாப்பாடு. பெருநாள் என்பதால் கிளாரன்ஸ் மௌனத்தை நீக்கி, எல்லோரும் பேசலாம், சிரிலும் பேசித்தான் ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார். சிரில் பாயசம் இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தார்.

"ஏ பழனி, இங்க வா," என்றது வாய்.

கிளாரன்ஸுக்குப் புரையேறியது. பழனியம்மாவுக்கு யார் கூப்பிடுகிறார் என்பதில் சந்தேகமே வரவில்லை. பெரியசாமி கட்டிலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரிலின் பக்கம் திரும்பாமல் புருஷனின் முகத்தைப் பார்த்து, ஒன்பது வருடமாகக் கேட்டதைக் கேட்டாள்.

"இன்னும் கோவமா?"

"இன்னா கோவம்?" என்றது சிரிலின் வாய்.

"அன்னிக்கு ஷிப்டுக்குப் போம்போது நான் சொன்னதுக்கு."

"சங்கு ஊதிட்டான், குழிக்குள்ள எறங்குற கேஜ் போயிடும்னு ஓடிட்டேன். நீ சொன்னது காதுலயே வுழல. இன்னா சொன்ன?"

பழனியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அன்று சொன்னது என்ன என்று சிரிலுக்குத் தெரியும். சொல்லாமல் அதை விழுங்கினாரோ, அடுத்த நொடி அது பெரியசாமியின் வாயிலிருந்தே வந்து அவள் முகத்தில் விழும். நினைக்கவே கூடாது. ஏழு வருட மௌனத்தில் படாத பாட்டை அந்த நொடியில் பட்டு, மனதை முழுசாக இழுத்துக் கொண்டுபோய்ப் பாயச அண்டாவுக்குள் அமுக்கினார்.

"பாத்துப் போயிட்டு வான்னு சொன்னேன்," என்றாள் பழனியம்மா.

"அதான பாத்தேன்," என்றது சிரிலின் வாய்.

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவள் தலைக்கு மேலே பெரியசாமி கணீரென்று பேசினார்: "ஆபிரகாமண்ணே, பாயசம் இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க."

ஆபிரகாம் கட்டில் பக்கம் திரும்பாமலேயே அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து சிரிலின் தட்டில் ஊற்றினார்.