காத்தமுத்துவுக்கு ஒரு போன்

கருக்களாச்சேரி மீன் ஏலத்தில் இருபது வருஷம் விலை கூவியவர் காத்தமுத்து. தொண்டையில் புற்று வந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. கழுத்தில் ஒரு துளையும் அதை மறைக்க ஒரு வெள்ளைத் துணியும் மிஞ்சின.

வீட்டில் அவர் சிலேட்டில் எழுதுவார், மனைவி அமிர்தம் படிப்பாள். இரண்டே மாதத்தில் அவர் சிலேட்டைத் தொடுவதே குறைந்துவிட்டது. மனுஷன் இப்படி ஒடுங்கிப்போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு நாள் வம்படியாக அவரை பஸ் ஏற்றி, காரைக்கால் கடைத்தெருவில் தாவூதின் செல்போன் கடைக்குக் கூட்டிப் போனாள்.

தாவூது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இரண்டு போன்களை எடுத்து வைத்தான்.

"அக்கா, வெளிய பாத்து வாங்காதீங்க. உள்ள ஓடுற சிஸ்டத்தப் பாருங்க. இது விண்டோஸ். தமிழ் பட்டன் கெடையாது. ஆனா இந்தக் குச்சியால அண்ணன் தன் கையெழுத்துலயே எழுதலாம். எதிர்ல நிக்கிறவங்க படிச்சுக்கணும்."

"அது?"

"இது சிம்பியன். பட்டன்லயே தமிழ் இருக்கு. ஒரு எழுத்துக்கு மூணு நாலு தடவ அமுக்கணும், மெதுவாத்தான் வரும். ஆனா மெசேஜா எங்க வேணாலும் போவும். ஒங்க போன்லயும் தமிழாவே வந்து நிக்கும்."

அமிர்தத்துக்கு முதல் போன்தான் பிடித்தது. "இதையே எடுத்துக்குவோங்க. நீங்க எழுத எழுத நான் பக்கத்துல இருந்து படிக்கிறேன்."

காத்தமுத்து தலையசைத்து மறுத்தார். சிம்பியனை எடுத்து வெகுநேரம் அமுக்கிக்கொண்டிருந்தார். பிறகு திருப்பிக் காட்டினார்: 'ஏலத்துக்குப் போவணும்.'

பத்துப் பேருக்குக் காட்ட வேண்டுமானால் அச்செழுத்துதான் தெளிவு என்று நினைத்துவிட்டார். அமிர்தம் அதையே வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அவர் கரைக்குப் போனார். மீன் எடுத்து விற்பவள் என்பதால் அமிர்தமும் கூடையோடு நின்றாள். அவர் இடத்தில் இப்போது ஏலம் கூறும் கவியரசன், மரியாதையாக ஒதுங்கி முதல் குவியலை அவருக்கு விட்டான். காத்தமுத்து விலையை அமுக்கிப் போனை உயர்த்திப் பிடித்தார். வெயிலில் திரை தெரியவில்லை. "என்னா போட்டிருக்கு?" என்று ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். யாரோ கூடுதலாகக் கேட்டார்கள். அவர் அதை அமுக்கி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

கவியரசன் கிட்டே வந்தான். "அண்ணே, வெயில் ஏறுது. மீனு தாங்காது. நான் கூறட்டா?"

காத்தமுத்து நகர்ந்துகொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

அமிர்தத்தின் இடுப்பில் போன் அதிர்ந்தது. இருபதடி தள்ளி, ஒரு படகுக்குப் பக்கத்தில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். திரையில் இருந்தது இவ்வளவுதான்: 'வா, வீட்டுக்குப் போவலாம்.'

அதற்குப் பிறகு அவர் கரைப்பக்கம் போகவில்லை. அமிர்தம் கோவில்பத்துத் தெருக்களில் மீன் விற்கும்போது செய்தி வரும். சோறு வடித்துவிட்டேன் என்று, வெயிலில் நிற்காதே என்று. சில நாள் மத்தியானம் வரைக்கும் ஒன்றும் வராது. அந்த நாட்களில் அவள் பாதிக் கூடையோடு, வழியில் கூப்பிடுபவர்களுக்குக்கூட நிற்காமல், வேகவேகமாக வீட்டுக்கு நடப்பாள்.