நாற்பத்தைந்து பாகை

டேனிஷ் நகரான ஹோர்சன்ஸில், ஒரு தொழிற்சாலையில் சுஜாந்தினிக்குக் காற்றாலைப் பெட்டிகளுக்கு வயர் பூட்டும் வேலை. அலுமாரி அளவுப் பெட்டி. காற்றாலையை ஓட்டுவதும் நிறுத்துவதும் அதுதான். பூட்டி முடித்ததைச் சூட்டறைக்குள் தள்ளிக் காய்ச்சிப் பார்ப்பார்கள். இந்த முறை எல்லாமே ஒரு பாலைவன நாட்டுக்கு. எண்ணெய் விற்ற நாடு இனிக் காற்றையும் விற்கப்போகிறதாம்.

அங்கே காற்றாலைகளை நட்டு நிமிர்த்தும் கூலிகளில் ஒருவன் அவளுடைய தம்பி ஜெனிஸ்ரன். மன்னாரிலிருந்து ஏஜென்சி மூலம் போனவன். அது தெரிந்ததிலிருந்து ஒவ்வொரு பெட்டிக் கதவின் உட்புறத்திலும் பென்சிலால் ஏதாவது கிறுக்கி அனுப்பினாள். 'சாப்பிட்டியா?' 'மொட்டைத்தலையா, தொப்பி போடு.' அவன் அதைப் படமெடுத்து அனுப்பிச் சிரிப்பான். ஊர்க்கோயில் மடுமாதாவே பார்த்து இந்த வேலையைத் தந்ததாக நம்பினாள், பைத்தியக்காரி.

போன கிழமை தொலைபேசியில் கோல் எடுத்தான்.

"அக்கா, உங்கட பெட்டி கெட்டிக்காரப் பெட்டி. நாப்பத்தஞ்சு பாகை வெக்கை வந்தா காத்தாடியத் தானா நிப்பாட்டிப்போடும்."

"அப்ப நீங்கள்?"

"நாங்கள் நிப்பாட்டேலாது. கிறேன் வாடகை ஓடுதாம். தலை சுத்துதக்கா."

"எங்கயாவது நிழல்ல போய் இரடா!"

"நிழலோ? இஞ்ச காத்தாடியின்ர நிழல்தான் கிடக்கு. அதுவும் நிண்ட இடத்தில நிக்காது."

கையிலிருந்த பெட்டியில் 'நிழலில் இரு' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அது தொழிற்சாலையை விட்டுப் புறப்படும் முன்பே அவன் வெயிலில் விழுந்து செத்துப்போனான். மாரடைப்பு என்றான் ஏஜென்சிக்காரன். இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு மாரடைப்பாம்.

இன்று அதே பெட்டிதான் சூட்டறைக்குள் நின்றது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். நாற்பத்தைந்தில் 'டக்' என்று தானாக நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. சோதனை சரி. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து சோதனை வயர்களைக் கழற்றினாள். கதவில் அவளுடைய எழுத்து அப்படியே இருந்தது. வெளியே வரும்போது முகமெல்லாம் வியர்வையும் கண்ணீரும்.

மேற்பார்வையாளர் லார்ஸ் நல்ல மனிதர். கதிரையை இழுத்துப் போட்டு, குளிர்ந்த தண்ணீர்க் கோப்பையை அவள் கையில் வைத்தார்.

"பத்து நிமிடம் இரு, சுஜா," என்றார் டேனிஷில். "சூட்டறைக்குள் போய் வந்தால் ஓய்வெடுக்கத்தான் வேண்டும். சட்டம்."

அவள் இருந்தாள். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். லார்ஸ் பெரிய மின்விசிறியைச் சூட்டறை வாசலுக்கு உருட்டிக்கொண்டுபோய், உள்ளே திறந்திருந்த பெட்டியின் பக்கம் திருப்பிவிட்டார்.

"இதுவும் கொஞ்சம் ஆறட்டும்."