ஆமா என்று சொல்லவேண்டிய கேள்வி

வெர்னா ஹாஸ்கெலுக்கு அன்று காலை பதினொரு பேர். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டமே வைத்துத் தரும் வக்கீல் அவள். பதினொரு கோப்புகளையும் மார்போடு அணைத்து, பேனாவை வாயில் கவ்விக்கொண்டு நீதிமன்றப் படிகளில் ஏறினாள். வெளியே ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஏசி பல்லைக் கிட்டவைத்தது. இந்த ஓஹையோ ஊரில் அரசாங்கக் கட்டடங்களுக்கு நடுத்தரம் என்பதே தெரியாது.

தாழ்வாரத்திலேயே கைல் ரென்ஃப்ரோ மறித்தான். அரசுத் தரப்பு வக்கீல். முப்பது வயதுதான், அதற்குள் அறுபது வயதுக்காரனின் அலுப்பு.

"வெர்னா, உங்க ப்ரூயிட் இன்னிக்கு குற்றத்தை ஒத்துக்கிட்டார்னா, உள்ள இருந்த நாளே தண்டனைன்னு முடிச்சிடறேன். ராத்திரி சாப்பாடு வீட்ல சாப்பிடலாம். பன்னெண்டு மணி வரைக்கும்தான்."

"பன்னெண்டுக்கு மேல மனசு மாறிடுமா?"

"பன்னெண்டுக்கு மேல லஞ்ச்."

"அவரு அன்னிக்கு பஸ்ல இருந்தாரு கைல். கேமரா பதிவு கேட்டு எழுதியிருக்கேன்."

"வந்துடுச்சா?"

"வரும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஆல்வின் ப்ரூயிட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர். ஒரு தேவாலயத்தின் ஏசி இயந்திரத்தைப் பிரித்து, செம்புக் குழாய்களைத் திருடினார் என்பது வழக்கு. பச்சைத் தொப்பிக்காரன் ஒருவன் ஓடியதை எதிர்வீட்டுக்காரி பார்த்தாளாம். பச்சைத் தொப்பி ஊரில் பாதிப் பேரிடம் இருக்கிறது, சோள விதைக் கம்பெனி சும்மா கொடுத்தது. போலீசுக்கு ஆல்வினுடைய தலை வசதியாகக் கிடைத்தது.

அன்று அவர் பதினான்காம் நம்பர் பஸ்ஸில் இருந்தார். எங்கேயும் போகவில்லை. அவர் வீட்டில் ஏசி கிடையாது. கோடை விடுமுறையில் பகல் முழுக்க அந்த பஸ்ஸில் ஊரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உட்கார்ந்தபடியே போய்வருவார். குளிர்ச்சியாக இருக்கும், யாரும் எழுப்பமாட்டார்கள். ஓட்டுநருக்கு அவரை ஞாபகமில்லை. கேமராவுக்கு மட்டும்தான் இருந்திருக்கும்.

இருபத்தாறு நாளாக உள்ளே கிடக்கிறார். சைக்கிளில் விளக்கு இல்லாமல் போன பழைய வழக்கில் ஒரு வாய்தாவுக்கு வரவில்லை என்பதைக் காட்டி, நீதிபதி டாலிவர் இரண்டு முறை ஜாமீன் மறுத்துவிட்டார். வரும் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. சமையலறை மேலாளர் வெர்னாவிடம் போனில் தெளிவாகவே சொல்லியிருந்தாள்: வழக்கு நடந்தால் நடக்கட்டும், திருட்டுக்குத் தண்டனை என்று காகிதத்தில் ஏறிவிட்டால் பள்ளிக்குள் விடமாட்டார்கள், திங்கட்கிழமை வராவிட்டாலும் வேறு ஆள் வந்துவிடும். ஒத்துக்கொண்டால் வீடு உண்டு, வேலை போச்சு. ஒத்துக்கொள்ளாவிட்டால் வீடும் இல்லை, வேலையும் இல்லை. பத்தொன்பது வருஷ வேலை.

நீதிமன்றத்தில் முதலில் ரோண்டா மீக்ஸைக் கூப்பிட்டார்கள். குழந்தைக்குப் பால் பவுடர் டப்பாவைப் பைக்குள் போட்டாள் என்று ஒரு கடைக்காரன் புகார். சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில்தான் நின்றேன், கடைக் கேமராவில் தெரியும் என்கிறாள் அவள். வாய்தா கேட்க வெர்னா அவளுடைய கோப்பைத் திறந்தாள். உள்ளே ஒரு நீள உறை. தபால்தலை ஒட்டியிருந்தது. முகவரி: பஸ் பணிமனை.

ஆல்வினுக்காக எழுதிய கடிதம் அது, தபாலில் போடவே இல்லை.

கேமரா பதிவுகளை அழிக்காமல் வைக்கச் சொல்லும் கடிதங்களை வெர்னா சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் கையெழுத்திடுவாள். அவளுக்கு வேறு நேரம் கிடையாது. ஸ்டீயரிங்மேல் வைத்துக் கிறுக்கி, உறையில் போட்டு, பின் இருக்கையில் கிடக்கும் கோப்புகள்மேல் எறிவாள். பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அலுவலகத்தில் எல்லோருமே இப்படித்தான். நூற்று முப்பத்தெட்டு வழக்கை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க முடியுமா? பணிமனை பதிவை இருபத்தொரு நாள் வைத்திருக்கும், பிறகு அதன்மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். அந்தப் பகல் ஐந்து நாள் முன்பே காணாமல் போய்விட்டது.

"மிஸ் ஹாஸ்கெல்? இருக்கீங்களா?" என்றார் நீதிபதி.

"இருக்கேன் யுவர் ஆனர். வாய்தா வேணும்."

வாய்தா கிடைத்தது. தேதி குறிப்பதற்காக ரோண்டாவை முதல் வரிசை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, வெர்னா பின்பக்கக் காவல் அறையை நோக்கி நடந்தாள். இருபது அடி தூரம். அதற்குள் மனம் எத்தனை வியாபாரம் பேசியது! பணிமனையிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று சொன்னால் போதும், அது பொய்கூட இல்லை. அவரும் ஒத்துக்கொள்வார், வீட்டுக்குப் போவார், யாருக்கும் எதுவும் தெரியாது. கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

காவல் அறையில் ஆரஞ்சு உடையில் ஆறு பேர். கம்பிக்கு அருகே இடுப்புச் சங்கிலியோடு ஆல்வின் நின்றார்.

"பஸ் படம் வந்துச்சா?"

"இல்ல மிஸ்டர் ப்ரூயிட். இனிமே வராது. லெட்டர் போகவே இல்ல. நான் அனுப்ப மறந்துட்டேன். வேற ஒருத்தர் ஃபைல்ல கிடந்துச்சு. இப்போ அழிஞ்சு போச்சு."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மொத நாளே சொன்னேன். பின்னாடி கதவுகிட்ட, இடது பக்க சீட்டுன்னு சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டீங்க, நான் பாத்தேன்."

"ஆமா."

"இருபத்தாறு நாளா இவனுங்ககிட்ட எல்லாம் என் வக்கீல் படம் வாங்கிட்டு வர்றாங்கன்னு பீத்திக்கிட்டு இருந்தேனே."

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். "ஓசி வக்கீல் பெருசு. காசு குடுத்தாதான் தபால்தலை ஒட்டுவாங்க."

"ஒட்டித்தான் இருக்கு" என்றாள் வெர்னா. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான சமாதானம் என்று உறைத்தது. குரலைத் தாழ்த்தினாள். "இன்னொரு வழி இருக்கு. தப்பு என்னோடதுன்னு நான் ஜட்ஜ்கிட்ட சொல்றேன். உங்களுக்கு வேற வக்கீல் போடுவாங்க. அதை வெச்சு வெளிய விடச் சொல்லிக் கேக்கலாம். விடுவார்னு உறுதி இல்ல. விடலைன்னா கைலோட பேரமும் போயிடும், நீங்க உள்ளதான்."

"ரெண்டு தடவை முடியாதுன்னாரே அந்த மனுஷன். மூணாவது தடவை கொஞ்சுவாரா?" அவர் கம்பியை விட்டார். "எனக்கு வீட்டுக்குப் போகணும். பேப்பரக் கொண்டாங்க."

சிரித்தவனே இப்போது பரிவோடு சொல்லிக்கொடுத்தான். "பெருசு, ஜட்ஜ் வரிசையா கேள்வி கேப்பாரு. மாத்திரை போட்டியா, யாரும் மிரட்டினாங்களான்னு கேட்டா இல்லன்னு சொல்லு, மத்த எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லு. யோசிக்காத. யோசிச்சா மறுபடி இங்கதான்."

பதினொன்று நாற்பதுக்கு ஆல்வினை அழைத்துவந்தார்கள். நீதிபதி டாலிவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, தினமும் படிக்கும் தாளைப் படிக்க ஆரம்பித்தார். படிக்கத் தெரியுமா? தெரியும். மாத்திரை, மது ஏதாவது எடுத்திருக்கிறாரா? இல்லை. விசாரணை நடத்திக்கொள்ளும் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்று புரிகிறதா? ஆமா. யாராவது மிரட்டினார்களா? இல்லை. கைல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வெர்னா அவர் பக்கத்திலேயே நின்றாள், ஆனால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உங்க வக்கீல் உங்களுக்குச் செஞ்ச வேலையில உங்களுக்குத் திருப்திதானா?"

ஆயிரம் முறை கேட்ட கேள்வி. ஆயிரம் பேரும் ஆமா என்று சொல்லியிருக்கிறார்கள், கோப்பைத் திறந்தே பார்க்காத வக்கீலுக்குக்கூட. நீதிபதி அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தார். பதில் வரவில்லை என்பது அவருக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

"மிஸ்டர் ப்ரூயிட்?"

"இல்லைங்க" என்றார் ஆல்வின்.

சுருக்கெழுத்துக்காரப் பெண் தலையை நிமிர்த்தினாள்.

"இல்லைன்னா, நான் இந்த ஒப்புதல ஏத்துக்க முடியாது. புரியுதா?"

"புரியுதுங்க. ஆமான்னு சொல்லத்தான் வந்தேன். வாய் வரமாட்டேங்குது. நான் அந்தக் குழாயத் தொட்டதே இல்ல. காலைல இவங்க என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. அதை இங்க எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

வெர்னா எழுந்து நிற்க வேண்டியதில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். பின்னால் பெஞ்சுகளில் அவளுடைய ஆட்களே ஒன்பது பேர், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள். அத்தனை கண்ணும் முதுகில் பட்டன. உறையை உயர்த்திக் காட்டினாள். சிவப்பு விளக்கு, பின் இருக்கை, இருபத்தொரு நாள், எல்லாவற்றையும் சொன்னாள். "இவர் நிரபராதின்னு காட்டியிருக்கக்கூடிய ஒரே சாட்சி என்னால அழிஞ்சுது யுவர் ஆனர். என் தப்புக்கு இவர் உள்ள இருக்கக் கூடாது. விசாரணை வரைக்கும் வெளிய விடணும்னு கேட்டுக்கறேன்."

"ஆட்சேபிக்கிறேன்" என்றான் கைல். ஆனால் அதில் காரம் இல்லை.

"நீங்க சொன்னது பதிவாயிடுச்சு, மிஸ் ஹாஸ்கெல். உங்க மேலதிகாரிக்கு நான் எழுதவேண்டியிருக்கும். தெரியும்ல?"

"தெரியும்."

டாலிவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ஒரு யுகம் பிடித்தது. "வேற வக்கீல் நியமிக்கிறேன். விசாரணை அக்டோபர்ல. அதுவரைக்கும் இவர் சொந்தப் பொறுப்புல வெளிய இருக்கலாம். மிஸ்டர் ப்ரூயிட், இந்தத் தேதிக்கு வராம இருந்தீங்க..."

"திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போலாமா?"

"போங்க" என்றார் நீதிபதி, கொஞ்சம் எரிச்சலோடு.

சங்கிலியை அவிழ்க்கக் கூட்டிப்போனபோது ஆல்வின் திரும்பினார். நன்றி சொல்லவில்லை, சொல்லவும் காரணமில்லை. "புது வக்கீலுக்கு எத்தன கேஸ்?" என்று மட்டும் கேட்டார்.

"நூத்தி நாப்பத்தொண்ணு" என்றாள் வெர்னா. அவர் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார்.

கண்ணீர் முட்டியது. அதற்கு நேரமில்லை, அடுத்த கோப்பு மேலே வந்துவிட்டது. அப்போது முதல் வரிசையிலிருந்து ரோண்டா மீக்ஸ் எழுந்துவந்து, அவள் கையிலிருந்த உறையையே பார்த்தபடி நின்றாள்.

"மேடம், அது என் ஃபைல்ல இருந்துதானே எடுத்தீங்க?"

"ஆமா."

"அப்போ கடைக் கேமராவுக்கு எழுதின என்னோட லெட்டர் யாரு ஃபைல்ல இருக்கு?"

வெர்னா கோப்புகளை அப்படியே நீதிமன்றத் தரையில் கொட்டி, மண்டியிட்டு, ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள்.